அந்தியில் கண்டல் காட்டுக்குத் தோணியில் போகிறவர்களுக்கு

முதலில் முடிவுசெய்ய வேண்டியது மாதம். ஒக்டோபரில் தொடங்கும் வாடை மழை ஜனவரி வரை திருகோணமலைக் களப்புகளை நிரப்பிக் கலக்கிவிடும். மே முதல் ஓகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிற்பகல்களை வறட்டியெடுக்கும். மழை ஓய்ந்து, வலசை வந்த பறவைகள் இன்னும் ஊர் திரும்பாமல் இருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களையே நான் பரிந்துரைப்பேன்.

இடத்தைப் பொறுத்தவரை, நிலாவெளிப் பக்கம் தங்குகிறவர்களுக்கு இறக்கக்கண்டிக் களப்பு கிட்ட உள்ளது. கிண்ணியாப் பாலத்துக்கு மேற்கே விரியும் தம்பலகாமக் குடா பெரியது. 2009இல் பாலம் திறக்கப்படும் வரை அங்கே அக்கரை போகப் படகுச் சேவையைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். தட்டையான, ஒளி ஊடுருவும் ஓடுடைய சிப்பிகளுக்காக ஒரு காலத்தில் முத்துக் குளிப்பு நடந்த குடாவும் அதுவே. துறைமுகத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில் கடற்படையின் கட்டுப்பாடுகள் இருப்பதால், எதுவரை போகலாம் என்பதை முதல்நாளே தோணிக்காரரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் போகும் நீர்ப்பரப்பில் நாளும் வலை வீசுகிற மீனவர் ஒருவரே உங்களை அழைத்துச் செல்ல ஏற்றவர். எங்கே சேறு மேடிட்டிருக்கிறது, எங்கே வலை கட்டியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். கூலி பேசும்போதே இரண்டு விடயங்களைச் சொல்லிவிட வேண்டும்: எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும், கண்டல் ஓரத்தை அடைந்ததும் எஞ்சினை நிறுத்திக் கம்பு ஊன்றித்தான் போக வேண்டும். இரண்டாவதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை நான் போன படகு எஞ்சின் இரைச்சலோடு கொக்குகள் அடையும் மரத்தின் அடிவரை போனது. கிளைகளை வெண்மையாக்கியிருந்த கூட்டம் முழுவதும் எழும்பிப் போய், இருட்டும் வரை திரும்பவேயில்லை. ஒரு இரவுத் தங்கலை அவற்றிடமிருந்து பறித்துவிட்டோம் என்பது இன்றும் உறுத்துகிறது.

பெப்ரவரி, மார்ச்சில் சூரியன் 6.15 அளவில் மறைவதால் 4.45க்குத் தோணியேறினால் போதும். வெளிச்சம் உள்ள முதல் மணிநேரத்தை மரங்களுக்குக் கொடுங்கள். வளைந்த தாங்குவேர்களால் நிற்பது கண்டல். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்களை நீட்டியிருப்பது கண்ணா. கண்ணா இலையொன்றைச் சாய்வெயிலில் பார்த்தால் அதன்மேல் உப்புத் துகள்கள் மினுங்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும், உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாகவே வெளியேற்றுகிறது. ஆனால் தெரியாத மரத்தின் இலையைக் கிள்ளாதீர்கள். அங்கே தில்லையும் நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் மீன்கொத்தியின் நீலம் தெளிவாகத் தெரியும். சூரியன் விழுந்ததும் அப்படியே மேற்கே திரும்பிக்கொள்ளுங்கள். இப்போது நிறம் அல்ல, உருவங்கள்தான் காட்சி. நீர்க்காகங்கள் வரிசையாகவும் கொக்குகள் சிறு கூட்டங்களாகவும் வந்து இறங்கும். அவை அமரும் நேரத்தில் அதே மரங்களிலிருந்து இராக்கொக்குகள் 'குவாக்' என்று கத்திக்கொண்டு இரைதேடப் புறப்படும். பகல் முறை முடிந்து இரவு முறை தொடங்கும் இந்த இருபது நிமிடங்களுக்காகவே இந்தப் பயணம். அப்போது தோணி அசையக் கூடாது, பேச்சும் கூடாது. நுளம்புக்கான பூச்சைக் கரையிலேயே பூசி, நீண்ட கைச் சட்டை போட்டிருந்தால் கையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியிராது.

நன்றாக இருட்டியபின் டோர்ச்சைக் கண்மட்டத்தில் பிடித்து நீரோரம் மெதுவாகச் செலுத்துங்கள். முதலை இருந்தால் அதன் கண்கள் தணல்போல் சிவந்து ஒளிரும். கையையோ காலையோ வெளியே நீட்டாமல், கிட்டப் போகச் சொல்லிக் கேட்காமல், தூரத்திலிருந்தே பாருங்கள். பறவைகள் அடைந்த கிளைகளுக்கு மட்டும் வெளிச்சம் அடிக்காதீர்கள்.

திரும்பும்போது திறந்த நீருக்கு வந்தபின் எஞ்சினைப் போடச் சொல்லுங்கள். வலை விரிக்க வரும் சிறு தோணிகள் பலவற்றில் விளக்கு இருக்காது. ஆகவே உங்களில் ஒருவர் தோணியின் முன்நுனியில் உட்கார்ந்து, டோர்ச்சை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்தபடி கரைவரை வர வேண்டும்.