நடக்கப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்லாமல் நடப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (வீட்டுக் குடியிருப்பு) புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப் குழுவில், 62 பேர். "நாளையிலிருந்து தினமும் காலை 5.30க்குத் திடலைச் சுற்றி நடப்பேன், படமும் போடுவேன்" என்று போன வருடம் அதில் எழுதினேன். வாழ்த்து குவிந்தது. சர்க்கரை அன்றைக்கே குறைந்துவிட்ட மாதிரி நிம்மதியாகத் தூங்கினேன். ஒன்பதாம் நாள் மழை, பழைய படம் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்தேன். யாருக்கும் தெரியவில்லை, ஆனால் அதற்கப்புறம் குழுவைத் திறக்கவே கூச்சமாக இருந்தது, அந்தக் கூச்சத்தில் நடையும் நின்றது.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு வழக்குகளைப் படிக்க 45 நிமிடம் கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கப் போகிறோம் என்ற தங்கள் எண்ணம் இன்னொருவர் கவனத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்தவர்கள் சீக்கிரமே எழுந்துவிட்டார்கள். பாராட்டு தோட்டத்து முன்பணம் மாதிரி. முதலிலேயே வாங்கிச் செலவழித்துவிட்டால் சம்பள நாளில் கையில் என்ன இருக்கும்?

அதனால் முதல் 3 மாதம் வாயைத் திறக்காதீர்கள். ஏன் 3 மாதம் என்றால், கிளினிக்கில் எடுக்கும் ஹெச்பிஏ1சி சோதனை ஏறக்குறைய அவ்வளவு காலத்துச் சர்க்கரையைத்தான் காட்டும்.

அப்புறம், முதல் நாள் இரவே எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆட்கள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள், நிற்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. ஆனால் அவரை அந்த இருட்டில் வாசல் தாண்ட வைத்தது இரவே தீட்டி வைத்த கத்தி, கழுவிக் கவிழ்த்த வாளி, அதன் மேல் மடித்துப் போட்ட தலைத்துணி, மூன்றும் கதவோரம் ஒரே இடத்தில். எழுந்த பிறகு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. நீங்களும் காலணிக்குள் காலுறையைச் செருகி வாசலில் வையுங்கள், "முகம் கழுவியதும் காலணி" என்று ஒன்றை இன்னொன்றோடு கட்டிவிடுங்கள். மழை பெய்தால் வீட்டு முன்புற நடைபாதையான அஞ்சடியிலேயே இருபது நிமிடம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள், போன வருடம் நான் கோட்டை விட்டது மழை நாளில்தான்.

கணக்கு வேண்டுமென்றால் அடுப்படியில் தொங்கும் குதிரைக் காலண்டரில் பேனாவால் ஒரு கோடு போதும். நடக்காத நாளைக் காலியாக விடுங்கள், அதில் பொய் சொல்ல ஆளே இல்லை.

ஒருவரிடமும் சொல்லக்கூடாதா என்றால், நம்மைப் பார்ப்பவர் வேறு, நமக்காகக் காத்திருப்பவர் வேறு. 62 பேருக்காக எழாத நான், இப்போது வேலியோரம் டார்ச்சோடு நிற்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்காக எழுகிறேன். தெருநாய்களுக்குப் பயந்து அவர் தனியாகப் போகமாட்டார், நான் வராவிட்டால் அவர் நடையும் போச்சு. அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஏற்கெனவே ஊருக்கு அறிவித்துவிட்டீர்களா? சரி, "இந்த வாரம் நடக்கவில்லை" என்று உண்மையை ஒரே வரியில் எழுதிவிட்டுக் குழுவின் சத்தத்தை அடைத்துவிடுங்கள். படம் போட ஆசையாக இருந்தால் கிளினிக் முடிவு கைக்கு வந்த அன்று போடுங்கள்.