அக்குவாபோனிக்ஸ்: பிஎச் இறங்காததற்குக் காரணம் ஜல்லி

அக்குவாபோனிக்ஸ் என்றால் மீன் தொட்டி நீரிலேயே செடி வளர்ப்பது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், வீட்டுக் கொல்லையில் 500 லிட்டர் தொட்டி, 20 திலாப்பியா மீன், மேலே மண்ணுக்குப் பதில் ஜல்லி போட்ட கங்கோங் கீரைப் பாத்தி. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. சோதனைக் கிட்டில் பிஎச் (நீரின் அமில-கார அளவு; 7 நடுநிலை) 8.2, மீன் கழிவில் உருவாகும் அமோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு).

இலை மஞ்சளானதற்கும் மீன் தவித்ததற்கும் காரணம் ஒன்றே: உயர்ந்த பிஎச். பிஎச் 7இல் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதம்கூட நஞ்சு வடிவில் இருக்காது. 8ஐத் தாண்டினால், நம் ஊர் வெப்பத்தில், அது ஏறக்குறைய பத்து மடங்காகும். இரும்புச் சத்தும் செடிக்கு எட்டாமல் படிந்துவிடும்.

இந்தப் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் அதிகம். ஜல்லியில் அந்தக் கல் கலந்து வரும். உலர்ந்த கல்லில் வினிகர் சொட்டு விடுங்கள். பொடிக் குமிழிகள் சீறிக் கிளம்பினால் அது சுண்ணாம்புக்கல். அமிலம் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்: கல் கரைந்து பிஎச் மறுபடி ஏறும், அந்த ஏற்ற இறக்கமே மீனை வாட்டும்.

முதலில் தீனியை நிறுத்தினேன். அமோனியா 0.5க்குக் கீழே வரும்வரை தினமும் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றம், குளோரின் நீக்கிய நீரில். பிறகு பாத்தியில் பாதிக் கல்லை மட்டும் எடுத்து, கழுவிய 20 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி போட்டேன். மீதிப் பாதி இரண்டு வாரம் கழித்து. ஒரே நாளில் மாற்றினால் கல்லில் ஒட்டி வாழ்ந்து அமோனியாவை உண்ணும் பாக்டீரியா பெரும்பாலும் போய்விடும்.

பிஎச் 7.2க்கு வந்ததும் 6 சதவீத டிடிபிஏ இரும்பு (இரும்பு படியாமல் பிடித்து வைக்கும் சேர்மத்துடன் வரும் உரம்) 17 கிராம் தொட்டியில் கலந்தேன். இடிடிஏ என்ற இன்னொரு வகை இந்த பிஎச்சில் இரும்பைப் பிடித்து நிற்காது. பழைய மஞ்சள் இலை பச்சையாவதைப் பார்க்காதீர்கள், புதுத்தளிரைப் பாருங்கள்.