ஸ்கூட்டருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவது எப்படி? கூடவே பிளக், ஃபில்டர், பிரேக்

ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ் மாதிரி கியர் போடாத ஸ்கூட்டர்களில் இரண்டு ஆயில் உண்டு. ஒன்று என்ஜினுக்கு, இன்னொன்று பின்சக்கரத்தை ஒட்டியிருக்கும் கியர்பாக்ஸுக்கு. முதன்முறை ஸ்பேனர் பிடிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். கியர் ஆயில் போல்ட்டைக் கழற்றிவிட்டு, என்ஜின் ஆயில் இறங்கிவிட்டது என்று நினைத்து மேலே புது ஆயிலை முழுசாக ஊற்றிவிடுவார்கள். கியர்பாக்ஸ் காய்ந்து கிடக்கும்; என்ஜினில் இரண்டு பங்கு ஆயில் நிற்கும்.

என்ஜின் ட்ரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கும் போல்ட்) என்ஜினின் அடியில் இருக்கும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், இடப்புறம் மேலும் கீழுமாக இரண்டு சின்ன போல்ட் தெரிந்தால் அவை கியர் ஆயிலுக்கானவை. கழற்றியதும் நூறு மில்லி சொச்சம் வந்து நின்றுவிட்டதா? தப்பான போல்ட்டைத் திறந்திருக்கிறீர்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

மேனுவலில் சொன்ன கிரேடு ஆயில் (பெரும்பாலும் 10டபிள்யூ-30, சில வண்டிகளுக்கு 10டபிள்யூ-40), புது ட்ரெயின் வாஷர், சரியான அளவு ரிங் ஸ்பேனர், புனல், பழைய ஆயில் பிடிக்கத் தட்டு, வேஸ்ட் துணி. ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்பி' (JASO MB, ஜப்பானிய ஆயில் தர முத்திரை) என்று இருக்கிறதா பாருங்கள். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுவதால் அதற்கு 'எம்ஏ' தேவை. ஸ்கூட்டர் கிளட்ச் ஆயிலில் நனையாது என்பதால் வழுக்கல் கூடிய 'எம்பி' ஆயிலே போதும், மைலேஜுக்கும் நல்லது. ஸ்பேனரின் திறந்த வாயை வைத்து ட்ரெயின் போல்ட்டைத் திருகினால் தலை மழுங்கும்; ரிங் பக்கம்தான் சரி.

என்ஜின் ஆயில்

1. காற்றோட்டமான இடத்தில் வண்டியை மூன்று, நான்கு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் இளகினால்தான் கசடோடு இறங்கும். நெடுந்தூரம் ஓட்டிவந்த சூட்டில் செய்யாதீர்கள், கை வெந்துவிடும். சைலன்சரிலும் கவனம்.

2. சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முதலில் டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) மூடியைத் திறந்து வையுங்கள்.

3. தட்டை அடியில் தள்ளி, போல்ட் தலையை நேராகப் பார்த்து இடஞ்சுழியாகத் திருகுங்கள். வண்டிக்கு மேலே நின்று குனிந்து திருகினால் திசை தலைகீழாகத் தெரியும். இளக்குவதாக நினைத்து இறுக்கி மரையைத் தின்னவைப்பவர்கள் அதிகம். சில மாடல்களில் இந்த போல்ட்டோடு ஸ்பிரிங்கும் வலையும் வரும். வந்த வரிசையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

4. சொட்டுவது நிற்கும் வரை பத்து நிமிடம் விடுங்கள். புது வாஷர் போட்டு, போல்ட்டை முதல் நான்கைந்து சுற்று விரலால் மட்டும் ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாவிட்டால் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, கழற்றி மறுபடி வையுங்கள். பிறகு ஸ்பேனரை நடுவில் பிடித்து மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும். என்ஜின் கூடு (கேஸ்) அலுமினியம், போல்ட் இரும்பு. பைப் மாட்டி இறுக்கினால் மரை போவது கேஸில்தான், அப்புறம் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

5. மேனுவல் சொல்லும் அளவில் (110 சிசி வண்டிகளில் 650 முதல் 800 மிலிக்குள் இருக்கும்) 100 மிலி குறைத்து ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இன்னும் இரண்டு, மூன்று நிமிடம் பொறுங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். ஹோண்டா ஸ்கூட்டர்களில் திருகாமல் வெறுமனே வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகினால் மட்டம் கூடக் காட்டும். குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம். அதிகமானால் என்ஜினின் மூச்சுக்குழாய் (பிரீதர் டியூப்) வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய், வண்டி புகையும், பிக்கப் விழும்.

கியர் ஆயில்

மேல் போல்ட் இளகுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கீழ் போல்ட்டைத் தொடுங்கள். கீழே வடித்துவிட்டு மேல் போல்ட் இறுகிக்கிடந்தால் புது ஆயிலை எந்த வழியாக ஊற்றுவீர்கள்? 110 சிசி வண்டிகளுக்கு 100–120 மிலி பிடிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சால் ஏற்றினால் சிந்தாது. நிறைய மாடல்களில் மேல் ஓட்டையின் விளிம்பு மட்டம்தான் அளவு. 'கூட இருக்கட்டுமே' என்று அடைத்தால் ஆயில் சீலை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தாண்டிப் பின் ட்ரம்முக்குள் கசிந்து, பிரேக் ஷூவில் எண்ணெய் ஏறி, பிரேக்கே பிடிக்காமல் போகும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், கேனில் ஊற்றி மெக்கானிக் ஷெட்டில் கொடுத்துவிடுங்கள்.

மற்றவை

ஸ்பார்க் பிளக்கை என்ஜின் ஆறியபிறகே கழற்றுங்கள். நுனி இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகவோ காற்று குறைவாகவோ போகிறது, ஃபில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்காக ஈரம் தெரிந்தால் ஆயில் உள்ளே ஏறுகிறது, அது உங்கள் வேலையல்ல. பிளக் நுனியின் இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும், ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து சரிசெய்யுங்கள்.

ஏர் ஃபில்டர் பிசுபிசுப்பான காகித வகை என்றால் தட்டவோ, கழுவவோ, காற்றடிக்கவோ கூடாது. மேனுவல் சொல்லும் கிலோமீட்டர் வந்ததும் மாற்றுவதுதான். ஃபில்டர் பெட்டியின் அடியில் முனை மூடிய சின்னக் குழாய் இருக்கும். அதில் பழுப்பாக ஏதாவது சேர்ந்திருந்தால் மூடியை எடுத்து வடித்துவிடுங்கள்.

ட்ரம் பிரேக்கில் லீவர் நுனியின் வெற்று அசைவு பெரும்பாலும் 10–20 மிமீ. சக்கரத்தோரம் உள்ள நட்டை அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருகுங்கள். நட்டின் குழிந்த பக்கம், பிரேக் ஆர்மில் உள்ள உருளைப் பின்னின் (pin) மேல் சரியாக உட்கார வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், உரசினால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். பிரேக்கை முழுக்கப் பிடிக்கும்போது பிரேக் ஆர்மில் உள்ள அம்புக்குறி, பேனலில் உள்ள அடையாளத்தைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. அதற்குமேல் நட்டை இறுக்கிப் பயனில்லை.

இடப்பக்கம் உள்ள பெல்ட் கவரை மட்டும் ஆரம்பத்தில் திறக்காதீர்கள். அதற்கு வேறு கருவிகள் வேண்டும். பெல்ட்டில் கிரீஸ் பட்டாலே வழுக்கும்.

எல்லாம் முடிந்ததும் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, வண்டியை நிறுத்தி அடியில் அட்டை ஒன்றை விரித்துவிட்டுத் தூங்கப்போங்கள். காலையில் அட்டையில் சொட்டு இருந்தால் எந்த போல்ட்டுக்கு நேர்கீழே என்று பார்த்து, அதன் வாஷரைச் சரிபாருங்கள்.