போன்சாய் மரத்தைப் படம்பிடித்துப் பென்சில் சித்திரமாக்கும் முறை

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வளவில் சாடியொன்றில் வளரும் இத்தி மரத்தை முதன்முதலாகப் படம்பிடித்தபோது, பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். புகைப்படத்தில் அது உறுத்தவில்லை. ஆனால் கணினியில் சித்திரமாக்கியதும் விரிப்பின் ஒவ்வொரு சுருக்கமும் கிளைக்கு ஈடான கோடாக எழுந்து நின்றது. ஆகவே இவ்விளக்கத்தில் மென்பொருளைவிடக் கமராவுக்கே கூடுதல் இடம் கொடுக்கிறேன்.

முதலில் மரத்தை ஆயத்தப்படுத்துங்கள். உதிர்ந்த இலைகளை அகற்றிச் சாடியை ஈரத்துணியால் துடையுங்கள். போன்சாய்க்கு முகப்பு உண்டு: வேர்கள் அகன்று பரவுவதும் தண்டின் வளைவும் ஒருங்கே தெரியும் பக்கமே அது. இலை அடர்ந்த மரம் சித்திரத்தில் வெறும் கிறுக்கலாகிவிடும் என்பதால், பழகுபவர்கள் கிளையமைப்பு வெளியே தெரியும் மரத்தைத் தெரிவுசெய்வது நல்லது. படத்துக்காகவே இலை கிள்ளுவதை நான் விரும்புவதில்லை.

அடுத்தது வெளிச்சம். மட்டக்களப்பில் சூரியன் கடற்பக்கமாக எழுவதால், காலையில் மேற்குப் பார்த்த விறாந்தையில் நேர் வெயில் படாத, மென்மையான ஒளி கிடைக்கும். உச்சி வெயிலின் கரிய நிழல்கள் சித்திரத்தில் திட்டுத்திட்டாகப் படியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலை அசையாத விடிகாலையைத் தவறவிடாதீர்கள்.

பின்னணிக்கு வெளிர்சாம்பல் பிரிஸ்டல் அட்டையே (தடித்த வழவழப்பான தாள்) போதும். மரத்தின் நிழல் அதில் விழாதபடி ஏறத்தாழ 1 மீற்றர் பின்னால் நிறுத்துங்கள். போன்சாய்ப் படங்களுக்குப் பலரும் விரும்பும் கறுப்புப் பின்னணி இவ்வேலைக்கு உதவாது. அதற்கான காரணம் கீழே வருகிறது.

கமராவை முக்காலியில் பொருத்தி, வில்லையைத் தண்டின் நடுப்பகுதி உயரத்துக்குத் தாழ்த்துங்கள். மேலிருந்து எடுத்தால் முதிர்ந்த மரமும் வெறும் பூச்சாடிச் செடியாகவே தெரியும். குவியத் தூரம் 50 முதல் 100 மில்லிமீற்றர், துவாரம் (வில்லையில் ஒளி நுழையும் திறப்பு) எஃப் 8 முதல் 11, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100 என வைத்து, 2 செக்கன் டைமரில் எடுங்கள். கைத்தொலைபேசியானால் சற்று விலகி நின்று 2 மடங்கு பெரிதாக்கி எடுக்கலாம். ஆனால் பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை மெல்லிய சுள்ளிகளின் ஓரங்களை விழுங்கிவிடும் என்பதால் அதைத் தவிருங்கள்.

இனிக் கணினி. இலவச மென்பொருளான கிம்ப்பில் படத்தைத் திறந்து, அடுக்கை (லேயர்) பிரதியெடுத்து, கலர்ஸ் பட்டியலிலுள்ள டெசாச்சுரேட் மூலம் நிறத்தை நீக்குங்கள். அந்தச் சாம்பல் அடுக்கை மீண்டும் பிரதியெடுத்து, மேலடுக்கை இன்வர்ட் செய்து (கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறும்), கீழடுக்குடன் அது கலக்கும் முறையை (மோட்) டாட்ஜ் என மாற்றுங்கள். படம் ஏறக்குறைய முழுவதும் வெள்ளையாகிவிடும், பயப்பட வேண்டாம். மேலடுக்குக்கு மங்கலாக்கும் காஸியன் ப்ளர் கொடுத்ததும் கோடுகள் மெல்ல எழும். 10 என்ற அளவில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்: கூடினால் நிழற்பூச்சுப் பரவும், குறைந்தால் கோடு மெலியும்.

இங்கே நடப்பது ஒரு வகுத்தல். ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் அதைச் சூழ்ந்த பகுதியின் சராசரியால் வகுக்கப்படுகிறது. இரண்டும் சமமானால் வெள்ளை, புள்ளி சுற்றத்தைவிடக் கறுத்திருந்தால் கோடு. வகுக்கும் எண் மிகச் சிறியதாக உள்ள இருண்ட பின்னணியில், கண்ணுக்குத் தெரியாத சிறு இரைச்சலும் (படத்தில் தாறுமாறாக வரும் ஒளி வேறுபாடு) பெரிய விகிதமாகிப் புள்ளி புள்ளியாய் வெடிக்கும். ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்ததும் கறுப்பைத் தவிர்த்ததும் இதனாலேயே.

கோடுகள் வெளிறியிருந்தால், கிடைத்த தோற்றத்தை நியூ ஃப்ரம் விசிபிள் மூலம் புதிய அடுக்காக்கி, அதன் முறையை மல்டிப்ளை என மாற்றுங்கள். இலைத்தொகுதி இன்னும் கிறுக்கலாகவே இருந்தால், அந்த மல்டிப்ளை அடுக்கில் இலைப்பகுதியை மட்டும் மென்மையான அழிப்பானால் இலேசாக அழித்து, தண்டையும் வேரையும் அழுத்தமாக விட்டுவிடுங்கள்.

அடுக்குகளுடன் ஒரு பிரதியைக் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப். கோப்பாகச் சேமித்த பின்பே ஜேபெக் ஆக ஏற்றுமதி செய்யுங்கள்.