அக்கவுண்ட் நம்பர் மாறிருச்சுன்னு மெயில் வந்தா மொதல்ல போனை எடுங்க

மும்பைல சின்னதா இம்போர்ட் எக்ஸ்போர்ட் பண்ற நம்ம ஆளுங்களுக்காக இது. தெனமும் செம்பூர்ல ஹார்பர் லைன் புடிச்சு பேலாப்பூர் போய் பில் ஆஃப் லேடிங், டெலிவரி ஆர்டர்னு கப்பல் சரக்கு பேப்பரோட மாரடிக்கிறவன் நான், கப்பலையே கடத்துற ஹேக்கரை இதுவரைக்கும் பாத்ததில்ல, ஆனா இன்வாய்ஸ் மெயில்ல வந்து கைய வச்சவன பாத்திருக்கேன்.

எங்க கஸ்டமர் அண்ணாச்சி ஒருத்தர். சைனா சப்ளையர்கிட்ட இருந்து பழைய மெயில் த்ரெட்லயே ரிப்ளை வருது, எங்க அக்கவுண்ட் ஆடிட்ல மாட்டிக்கிச்சு, பாக்கி பணத்த இந்த புது அக்கவுண்ட்ல போடுங்கன்னு. இன்வாய்ஸ் நம்பர் கரெக்ட், கன்டெய்னர் நம்பர் கரெக்ட், லோகோ கூட கரெக்ட், அண்ணாச்சி போட்டுட்டாரு. அப்புறமா அந்த மெயில் ஐடிய பெருசாக்கி பாத்தா, எம் (m) வர வேண்டிய எடத்துல ஆர் (r), என் (n) ரெண்டு எழுத்தையும் ஒட்டி வச்சிருக்கான். போன் ஸ்க்ரீன்ல அது யார் கண்ணுக்கு தெரியும்?

அக்கவுண்ட் மாறுதுன்னு யார் சொன்னாலும் சப்ளையருக்கு போன் போடுங்க, அதுவும் அந்த மெயிலுக்கு அடியில இருக்கிற நம்பருக்கு போட்டீங்கன்னா திருடனே எடுத்து ஆமா சார்ம்பான், பழைய விசிட்டிங் கார்டுல இருக்கிற நம்பருக்கு போடுங்க. சப்ளையர் சைனாவுல, அக்கவுண்ட் வேற ஏதோ நாட்டுலன்னா அங்கயே நிறுத்திருங்க.

கன்டெய்னர் நம்பர் வரைக்கும் அவனுக்கு எப்படி தெரிஞ்சுதுன்னா, உங்க மெயில்பாக்ஸ்லயோ சப்ளையரோடதுலயோ உக்காந்து படிச்சிட்டு இருந்திருக்கான். செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங், ஃபில்டர் ரெண்டையும் தொறந்து பாருங்க, நீங்க போடாத ஐடி இருந்தா தூக்குங்க, பாஸ்வேர்ட மாத்தி ஓடிபி வர்ற மாதிரி வைங்க.

பணம் போயிருச்சா, அழறதுக்கு முன்னாடி பேங்குக்கு போன் பண்ணி ஸ்விஃப்ட் ரீகால், அதாவது வெளிநாட்டுக்கு அனுப்புன பணத்த திருப்பிக் கேக்குறது, அத கேளுங்க, கையோட சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கும் அடிங்க. லேட்டாக லேட்டாக பணம் வேற வேற கைக்கு மாறிரும்.

பேக்கப் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. 2017 ஜூன்ல, கம்ப்யூட்டர்ல இருக்கிறத பூட்டி நாசமாக்குற நாட்பெட்யா வைரஸ், மெர்ஸ்க்ங்கிற பெரிய கப்பல் கம்பெனிய அடிச்சப்போ, இங்க நவி மும்பை ஜேஎன்பிடி துறைமுகத்துல அவங்க குரூப் நடத்துற கன்டெய்னர் டெர்மினலும் படுத்துருச்சு, மெர்ஸ்க்குக்கு 20 முதல் 30 கோடி டாலர் வரைக்கும் நஷ்டம், பத்து நாள்ல 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர புதுசா ஏத்துனாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிய தூக்கி நிறுத்துனது எது தெரியுமா, கானா ஆபீஸ்ல கரண்ட் கட்டானதால நெட்வொர்க்ல இல்லாம தப்பிச்ச ஒரே ஒரு சர்வர்.

நம்மூர்ல கரண்ட் கட்ட நம்பி இருக்க முடியாதுல்ல, அதனால வாரா வாரம் டாக்குமெண்ட் எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி வயர உருவி பீரோல வச்சிருங்க. சொருகியே விட்டா வைரஸ் அதையும் சேத்து பூட்டிரும். ஓடிட்டிருக்கிற ஷிப்மெண்ட்டுக்கு மட்டும் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போடுங்க, டெர்மினல் படுத்த அன்னிக்கு கேட்ல காட்ட கைல ஏதாவது பேப்பர் வேணும்.