கேபிளைத் தளர்த்தியதும் பிடித்த பிரேக்

என் சைக்கிளில் இருப்பது டிஸ்க் பிரேக். லீவரிலிருந்து கேலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) வரை சாதாரண கேபிள்தான். ஆயிலும் பிஸ்டனும் கேலிப்பருக்குள்ளேயே இருக்கும். பின் பிரேக் நாளாக நாளாகத் தொளதொளவென்று ஆகி, லீவர் ஹேண்டில்பாரைத் தொட ஆரம்பித்தது. கடையில் ஒவ்வொரு முறையும் கேபிளை இழுத்து இறுக்கித் தந்தார்கள். கோளாறே அந்த இறுக்கம்தான்.

இந்த வகையில் பேட் (டிஸ்க்கை அழுத்தும் கட்டை) தேயத் தேய, உள்ளே இருக்கும் சின்னத் தொட்டியிலிருந்து ஆயில் இறங்கி இடைவெளியைத் தானே ஈடுகட்டும். அதற்கு, லீவரை விட்டதும், கேபிள் இழுக்கும் கேலிப்பரின் கை முழுதாகத் திரும்பியாக வேண்டும். கேபிள் விறைத்திருந்தால் கை பாதியில் நின்றுவிடும். ஆயில் வரும் துளை மூடியே கிடக்கும்.

கேபிளை அவிழ்த்ததுமே கை 'டக்'கென்று பின்னால் போய் உட்கார்ந்தது. அப்புறம் தொய்வு மட்டும் எடுத்து, கையை இம்மியும் அசைக்காமல் கேபிளைக் கட்டினேன். லீவரைப் பலமுறை அழுத்தி அழுத்தி விட, பேட் டிஸ்க்கை நெருங்கி வந்தது. கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரைப் பிடித்தபடியே இறுக்கினேன். லேசான உரசல் மிச்சம் இருந்தது. பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்து, டிஸ்க்கின் இரு பக்கமும் வெளிச்சம் சமமாகத் தெரியும்வரை கேலிப்பரை நகர்த்தினேன்.

சாதாரண பிரேக் அவுட்டர் (கேபிளின் வெளியுறை) சுருள் கம்பி என்பதால் அழுத்தினால் கொஞ்சம் சுருங்கும். நீளவாட்டில் கம்பி ஓடும், பிரேக்குக்கென்றே வரும் அவுட்டரைப் போட்டதும் லீவர் கெட்டியானது. கியர் அவுட்டரை மட்டும் போட்டுவிடாதீர்கள்; பிரேக் அழுத்தத்தில் பிளந்துவிடும்.