குதிரைப் பயிற்சியில் விழுந்தால்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

குதிரையேற்றம் கற்கத் தொடங்கிய எவரும் என்றாவது ஒருநாள் விழத்தான் செய்வார்கள். பல வருடமாகச் சவாரி செய்பவர்களும் விழுகிறார்கள். ஆனால் உட்காரும் விதமும் கடிவாளம் பிடிக்கும் விதமும் முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும்போது, விழும் விதம் மட்டும் யாராவது விழுந்த பிறகுதான் பேச்சுக்கே வருகிறது. இது மாற வேண்டும் என்று நினைக்கிறேன். விழுவதையும் பழகலாம், முன்கூட்டியே பழக வேண்டும்.

படி 1: ஏறுவதற்கு முன்

குதிரையேற்றத்துக்கென்றே செய்த ஹெல்மெட் வேண்டும், சைக்கிள் ஹெல்மெட் போதாது. தாடைப்பட்டையை மாட்டாமலே தலையை ஆட்டிப் பாருங்கள், ஹெல்மெட் தனியாக ஆடினால் அது உங்கள் அளவு இல்லை. காலணிக்குச் சிறிய குதிகால் அவசியம், சுமார் 2.5 செ.மீ. இருந்தாலே பாதம் அங்கவடிக்குள் (சேணத்தின் இருபுறமும் தொங்கும், கால் வைக்கும் வளையம்) முழுதாக நுழைந்துவிடாது. அங்கவடியும் காலணியைவிட 2.5 செ.மீ. அளவுக்கு அகலமாக இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: விழுவதைவிட மோசமானது, கால் மாட்டிக்கொண்டு ஓடும் குதிரையோடு தரையில் இழுபடுவது.

அப்புறம் சேணத்தின் வயிற்றுப்பட்டை. இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும், நடக்கத் தொடங்கியதும் பட்டை தளர்ந்துபோகும். அதனால் ஏறும் முன் ஒருமுறை, சில நிமிடம் நடந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

படி 2: அவசரமாக இறங்கப் பழகுங்கள்

நிற்கிற குதிரையில், பயிற்சியாளர் பிடித்திருக்கும்போது தொடங்குங்கள். முதலில் இரண்டு கால்களையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிடுங்கள், எப்போதும் இதுதான் முதல் வேலை. முன்னால் சாய்ந்து இரண்டு கைகளையும் குதிரையின் கழுத்தடியில் ஊன்றி, வலது காலைப் பின்பக்கமாக வீசி, உடலைத் தள்ளிக்கொண்டு இடது பக்கம் குதியுங்கள். குதிரை பார்க்கும் திசையையே பார்த்தபடி, முழங்கால் மடங்கிய நிலையில் தரையைத் தொட வேண்டும். யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழகிய பிறகு நடக்கும் குதிரையில், அதற்குப் பிறகு டிராட்டில் (நடையைவிட வேகமான துள்ளோட்டம்). தரையில் பாய் விரித்துத் தோள்வழியாக உருண்டு பழகுவதும் நிறையவே உதவும்.

படி 3: ஆட்டம் காணும்போது

குதிரைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன, கிட்டத்தட்ட 350 பாகை பார்வை. நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஓரத்தில் அசைந்தாலும் மிரண்டு பக்கவாட்டில் தாவிவிடும். அந்த நேரத்தில் நம் உடல் தானாக முன்னால் குனிந்து குறுகிக் குதிகாலால் குதிரையின் விலாவை இறுக்கிக்கொள்கிறது, குதிரையோ அதை 'இன்னும் வேகமாகப் போ' என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: நிமிர்ந்து உட்காருங்கள், குதிகாலைக் கீழே அழுத்துங்கள், பார்வை முன்னால் போகட்டும், ஒரு கையால் பிடரிமயிரையோ சேணத்தின் முன்பகுதியையோ பிடியுங்கள். பிறகு ஒரு பக்கக் கடிவாளத்தால் பெரிய வட்டமாகத் திருப்பி, அந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்குங்கள். வேகமாகப் போகும்போது வெடுக்கென்று திருப்பினால் குதிரையே கால் தவறி விழும்.

சேணத்திலிருந்து பாதிக்கு மேல் சரிந்துவிட்டீர்களா? சரி, விட்டுவிடுங்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினால் நேராக முன்னங்கால்களுக்கு அடியில்தான் போவீர்கள்.

படி 4: விழும் நொடி

கால்களை விடுவியுங்கள். தாடையை மார்போடு சேருங்கள். கைகளை மார்புக்கு அருகில் மடக்கிக்கொள்ளுங்கள், நீட்டி ஊன்றினால் முழு எடையும் மணிக்கட்டிலும் காறை எலும்பிலும் இறங்கி எலும்பு முறியலாம். தோளும் முதுகின் பக்கவாட்டுப் பகுதியும் தரையில் படும்படி, குதிரையை விட்டு விலகும் திசையில் உருளுங்கள். உடலை விறைக்க விடாதீர்கள்.

குதிரை ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் கடிவாளத்தை விடாமல் பிடிக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். புதியவர்களுக்கு இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடிவாளத்தைப் பிடித்தால் 450 அல்லது 500 கிலோ எடையுள்ள பிராணியை உங்கள் பக்கமே இழுக்கிறீர்கள், தோளும் பிசகலாம். நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995-இல் தாண்டும் போட்டியொன்றில் குதிரை திடீரென்று நின்றதால் முன்னால் தூக்கி எறியப்பட்டார், கைகள் தலைக்கயிற்றில் சிக்கியதால் தலை குப்புற விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனார். ஹெல்மெட் அணிந்துதான் இருந்தார். ஓடிப்போன குதிரையைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

படி 5: தரையில்

உடனே எழாதீர்கள். வெட்கமாக இருக்கும், எல்லோரும் பார்ப்பார்கள், பரவாயில்லை. குளம்புகள் விலகிப் போனதும் அப்படியே படுத்திருந்து மூச்சைக் கவனியுங்கள். முதுகு அடிபட்டால் உதரவிதானம் இறுகி மூச்சு நின்றதுபோல் ஆகும், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும். கழுத்தோ முதுகோ வலித்தால், கை கால் மரத்தால், ஊசி குத்துவதுபோல் இருந்தால் அசையவே வேண்டாம், ஆம்புலன்ஸ் வரட்டும்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு: மைதானத்தில் உள்ள மற்ற குதிரைகள் எல்லாம் உடனே நிற்க வேண்டும். விழுந்தவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடாதீர்கள். மூச்சுக்குத் தடையாக இருந்தாலொழிய ஹெல்மெட்டையும் கழற்றாதீர்கள்.

தலை அடிபட்டிருந்தால் தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை, கேட்டதையே திரும்பக் கேட்பது, விழுந்தது நினைவில்லாமல் போவது ஆகியவை மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள். சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம், அதனால் அன்றிரவு தனியாக இருக்க வேண்டாம். வயிற்று வலி கூடிக்கொண்டே போனால் உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ காயப்பட்டிருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 6: மறுபடி ஏறுவது

விழுந்தவுடனே திரும்ப ஏறாவிட்டால் பயம் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். இந்தப் பேச்சால் மூளை அதிர்ச்சியோடு ஏறியவர்கள் உண்டு. தலை அடிபட்ட சந்தேகம் இருந்தால்கூட அன்று ஏறக் கூடாது, மருத்துவர் சொன்ன பிறகுதான். சர்வதேசத் தாண்டல் போட்டிகளிலேயே வீரர் ஒருமுறை விழுந்தால் அந்தச் சுற்றிலிருந்து நீக்கப்படுகிறார், பயிற்சியில் நமக்கு மட்டும் என்ன அவசரம்?

அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், உள்ளிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மறுபடி அடியைத் தாங்காது. குதிரையின் கால்கள், பட்டை, கடிவாள வார் ஆகியவற்றையும் பாருங்கள். ஏன் விழுந்தோம் என்பதைப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பேசுங்கள்: பட்டை தளர்ந்ததா, குதிரை மிரண்டதா, கேன்டருக்கு (டிராட்டைவிட வேகமான ஓட்டம்) நாம் இன்னும் தயாராகவில்லையா? திரும்பும்போது சாதுவான குதிரையில், பயிற்சியாளர் நீண்ட கயிற்றில் பிடித்திருக்க, நடையில் மட்டும் தொடங்குங்கள். டிராட் அடுத்த வகுப்பில் வரட்டும்.